மொழிபெயர்க்க வேண்டாம் என்றார்கள்

வெள்ளைக்காரர் வாசலில் வந்து நின்றதும் பாட்டி எழுந்து நின்றார். 83 வயது. முட்டி சரியாக மடங்காது, சரியாக நிமிரவும் நிமிராது. ஆனாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "வாங்க தொரை" என்றார். நான் கூச்சத்தில் நெளிந்தேன். "பாட்டி, அவரு தொரை இல்ல, ஆர்ட்டிஸ்ட்" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான், ஒக்காரச் சொல்லு" என்றார்.

எல்லாம் ஒன்றுதானா என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் படித்த பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு மார்ச் மாதம் ஒரு பட்டறை நடந்தது. ஒலி, டிஜிட்டல் பண்பாடு என்று தலைப்பு. நடத்த வந்தவர்கள் பிரெஞ்சு பேசும் இரண்டு கலைஞர்கள். பெயர்களை எழுதப்போவதில்லை. அவர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. நல்ல மனிதர்கள். எங்கள் பேராசிரியர்கள் மூன்று ஆண்டுகளில் காட்டாத பொறுமையை மூன்றே நாளில் காட்டினார்கள். அதனாலேயே இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. கெட்டவர்களைத் திட்டுவது சுலபம்.

பட்டறையின் கடைசிக் கட்டம் களப்பதிவு. எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது நான்தான் கையைத் தூக்கினேன். "எங்க ஊரு மெர்சிங். படகுத்துறை இருக்கு." தியோமான் தீவுக்குப் போகிறவர்கள் கடந்துபோகும் ஊர் அது. யாரும் தங்குவதற்காக வருவதில்லை. ஆற்று முகத்துவாரத்தில் வற்றம் என்றால் படகு கிளம்பாது. எல்லாரும் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீர் ஏறுவதற்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் எத்தனை சத்தம் இருக்கிறது என்பதை நான் முதன்முதலாகக் கேட்டது அந்தப் பட்டறையில்தான். ஈரக் கயிறு மரக்கட்டையில் உரசுவது, டீசல் எஞ்சின் பிடிக்காமல் இருமுவது, குன்றின் மேலிருக்கும் பள்ளிவாசலின் பாங்கு தண்ணீரில் பட்டுத் திரும்புவது. இருபது வருடம் வாழ்ந்த ஊரை எனக்குக் கேட்கக் கொடுத்தவர்கள் அவர்கள். இந்த நன்றியை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

அதன் பிறகுதான் பாட்டியிடம் கூட்டிப்போனேன்.

பாட்டி குடியிருந்தது ஜெமாலுவாங் பக்கம், ஒரு பழைய தோட்டத்தில். பால்மரம் போய் செம்பனை வந்துவிட்டது. லயம் போய்ச் சின்னச் சின்ன வீடுகள் வந்துவிட்டன. பாட்டியிடம் பாட்டு இருக்கிறது என்று நான்தான் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். ரெக்கார்டரைப் பார்த்ததும் முதலில் மாட்டேன் என்றார். பிறகு தண்ணீர் குடித்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

தாலாட்டு வரும் என்று நினைத்தேன். வந்தது ஒப்பாரி.

பிறந்து எட்டு மாதத்தில் போன அவருடைய மூத்த பெண் குழந்தைக்காக அவரே கட்டியது. மழைக்காலம். சாலையில் வெள்ளம். மெர்சிங் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தோட்டத்து லோரியைக் கேட்டு கிராணி வீட்டு வாசலில் நின்றது, கிராணி சாப்பிட்டுக்கொண்டிருந்தது, டிரஸ்ஸர் மருந்து முடிந்துவிட்டது என்றது, காலையில் பெரட்டுக்கு ஏன் வரவில்லை என்று மண்டோர் வந்து கேட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. கிராணியின் பெயர் இருக்கிறது. லோரியின் நம்பர்கூட இருக்கிறது. எனக்கு அதுவரை தெரியாது. என் அம்மாவுக்கும் தெரியாது. அறுபது வருடமாக அந்த அம்மா ஒரு புகாரை மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார். காவல் நிலையத்திலும் சங்கத்திலும் யாரும் எழுதிக்கொள்ளாத புகார்.

பாடி முடித்ததும் ஒருவரும் பேசவில்லை. என் தோழி ஒருத்தி அழுதாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆங்கிலத்தில், "இவங்க என்ன சொன்னாங்கன்னா…" என்று தொடங்கினேன். அந்தக் கலைஞர் மிக மென்மையாக, கண்ணைத் திறக்காமலேயே கையை உயர்த்தினார். வேண்டாம், மொழிபெயர்க்க வேண்டாம், அர்த்தம் வந்துவிட்டால் ஒலி போய்விடும் என்றார்.

நான் நிறுத்திக்கொண்டேன். அந்த நிறுத்தத்துக்காகத்தான் இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

அவர் சொன்னது அவர் வாயில் திடீரென்று தோன்றியதல்ல. அதற்கு ஒரு மரபு இருக்கிறது. பியர் ஷேஃபர் என்ற பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் 1948இல் ரயில் எஞ்சின் சத்தங்களைப் பதிவுசெய்து, வெட்டி, திருப்பி, அடுக்கி ஒரு படைப்பாக்கினார். அது வானொலியில் ஒலிபரப்பானது. இன்று ஒலிக்கலை, மின்னணு இசை, சாம்ப்ளிங் என்று நாம் சொல்கிற பலவற்றுக்கும் அது ஒரு தொடக்கம். 1966இல் அவர் எழுதிய பெரிய நூலில் வருகிற கருத்துதான் 'எக்கூத் ரெதுயித்'. ஒடுக்கிய கேட்டல் என்று தமிழில் வைத்துக்கொள்வோம். ஒரு சத்தத்தைக் கேட்கும்போது அது எதிலிருந்து வருகிறது, என்ன சொல்கிறது என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, சத்தத்தைச் சத்தமாக மட்டும் கேட்பது. அதன் கனம், சொரசொரப்பு, ஏற்றம், தேய்வு.

அருமையான பயிற்சி. ரயிலுக்கு. கயிற்றுக்கு. டீசல் எஞ்சினுக்கு.

ஆனால் மனிதர்களுக்கு? அதிலும் எந்த மனிதர்களுக்கு?

இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஒரு கேலி தெரியும். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினால் அதுதான் தமிழ். இடைநிலைப்பள்ளியில் என் பின்வரிசைக்காரன் பென்சில் டப்பாவைக் குலுக்கிக் காட்டுவான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அதுவும் ஒடுக்கிய கேட்டல்தான் சார். அர்த்தத்தைக் கழற்றிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்பது. எங்கள் மொழியை அப்படிக் கேட்க எவருக்கும் பட்டறை தேவைப்படவில்லை. துரை அப்படித்தான் கேட்டார், கிராணி அப்படித்தான் கேட்டார். வாசலில் நின்று ஒரு பெண் அழுதது அவருக்குச் சத்தமாகத்தான் கேட்டிருக்கும். அர்த்தமாகக் கேட்டிருந்தால் லோரி வந்திருக்கும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். தன் பேச்சுக்கு எப்போதும் அர்த்தம் உண்டு என்று நம்பப்பட்டவர்களுக்குத்தான் அர்த்தத்தைக் கொஞ்ச நேரம் கழற்றி வைப்பது விடுதலையாக இருக்கும். எப்போதும் சத்தமாகவே கேட்கப்பட்டவர்களிடம் போய் அதே விளையாட்டை ஆடினால் அது பழைய அவமானத்தின் மறுபதிப்பு. இம்முறை நல்ல ஹெட்போனோடு.

பட்டறையின் முடிவில் ஒரு அறையில் எட்டு ஒலிபெருக்கிகள் வைத்து நிறைவுப் படைப்பைப் போட்டார்கள். பாட்டியின் குரல் இருந்தது. இழுக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு, படகு எஞ்சினுக்கு அடியில் ஒரு மூச்சு மாதிரி. அழகாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கிராணியின் பெயர் மட்டும் ஒரு நொடி தெளிவாகக் கேட்டு மறைந்தது. அந்த அறையில் அது பெயர் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. சுவரில் இருந்த அட்டையில் 'குரல், மெர்சிங்' என்று போட்டிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இனி இரண்டாவது கோபம். இது நம்மவர்கள் மீது.

நிறைவு விழாவில் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் பேசினார். இவர்கள் இன்று கண்டுபிடித்ததையெல்லாம் தொல்காப்பியர் பிறப்பியலில் அன்றே சொல்லிவிட்டார் என்றார். கைதட்டல். பிறப்பியல் எழுத்துகள் உடம்பில் எங்கெங்கே எப்படிப் பிறக்கின்றன என்று சொல்கிறது. நுட்பமான பகுதி, மறுக்கவில்லை. ஆனால் ஐயா, தொல்காப்பியர் சொன்னது இருக்கட்டும். நீங்கள் இத்தனை வருடம் இந்த நாட்டில் தமிழ் நடத்துகிறீர்களே, உங்கள் அலமாரியில் தோட்டத்து ஒப்பாரி எத்தனை மணி நேரம் பதிவாக இருக்கிறது? ஒரு கேசட்? திருக்குறளில் கேள்விக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது என்று மேடைதோறும் சொல்கிறோம். பக்கத்து வீட்டுக் கிழவியைக் கேட்டோமா?

நமக்கு இலக்கியம் என்றால் அச்சு. அச்சில் வராதது நமக்கு ஒரு வெட்கம். முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தாங்கள் கேட்டு வளர்ந்த நாட்டுப்புறப் பாடல்களைப் புத்தகமாக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய காரியம். ஆனால் அச்சில் சொல் மட்டும்தான் வரும். எங்கே மூச்சு வாங்கினார், எந்த இடத்தில் குரல் உடைந்தது, எந்தப் பெயரை மட்டும் அழுத்திச் சொன்னார் என்பதெல்லாம் தாளில் நிற்காது. உறுமி மேளம் அடிக்கிற பையன்களை நாம் எப்படிப் பேசுகிறோம்? குண்டர் கும்பல் என்கிறோம், பண்பாட்டுச் சீரழிவு என்கிறோம். 2006இல் யோகி பி, நட்சத்ரா 'வல்லவன்' வெளியிட்டபோது மலேசியத் தமிழ் ராப் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் காதுவரை போனது. இந்த நாட்டுத் தமிழ் டிஜிட்டல் ஒலிப்பண்பாடு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். அதைப் பற்றி நம் கருத்தரங்குகளில் ஒரு உருப்படியான கட்டுரையை நான் கேட்டதில்லை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து 'சவுண்ட் கல்ச்சர்' என்று பெயர் வைத்த பிறகுதான் நாம் சபாரி போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காருகிறோம்.

அதாவது வந்தவர்களுக்கு அர்த்தம் வேண்டாம். நமக்குச் சத்தம் வேண்டாம். நடுவில் என் பாட்டி.

இது புதிய கதையும் இல்லை. பட்டறை முடிந்து வெகுநாள் கழித்துத்தான் எனக்குக் கோயம்புத்தூர் தாயியைத் தெரிந்தது. 1872இல் பிறந்து 1917இல் இறந்தவர். தேவதாசி மரபில் வந்த பாடகி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமபோன் தட்டுகளில் புகழ்பெற்றவர். அவர் பாடிய ஒரு திருவருட்பா ராகமாலிகையை மோரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் கேட்டார். ராவேலின் மாணவர். 1912இல் இந்தியாவுக்கு வந்தவர். தாயியின் அந்தத் தட்டை அடிப்படையாக வைத்துப் பியானோவுக்கு ஓர் ஆக்கம் எழுதினார். பெயரே 'ராகமாலிகா'. நம் தாளக் கருவியின் மழுங்கிய ஒலி வேண்டும் என்பதற்காக, பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொன்னார். பியானோவுக்குள் பொருள்களைச் செருகி ஒலியை மாற்றும் உத்தி என்றால் எல்லாரும் ஜான் கேஜைச் சொல்வார்கள், 1940ஐச் சொல்வார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்னாலேயே ஒரு தமிழ்ப் பெண்ணின் தட்டுக்காக ஒரு பிரெஞ்சுக்காரர் அட்டையைச் செருகிவிட்டார்.

எங்கள் பட்டறையில் ஒலிக்கலையின் வரலாறு 1948இல் ஆரம்பித்தது. தாயி அதில் இல்லை. இருக்கட்டும், வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் தமிழ்த்துறைக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்திருந்ததா? வள்ளலார் உருகி எழுதிய சொற்கள் பியானோவில் இல்லை. பியானோவுக்கு வாய் கிடையாது. கச்சேரி நிரலில் ஆக்கியவர் என்று அச்சாகும் பெயர் தெலாஜ். தெலாஜ் திருடினார் என்று நான் சொல்லவில்லை. அவர் தாயியைக் கொண்டாடியவர். ஆனால் கொண்டாட்டத்துக்கும் பெயர் அட்டைக்கும் நடுவில் எங்கேயோ ஒருத்தி காணாமல் போகிறாள். அதுதான் என் கேள்வி.

பெயர் போடவே முடியாதா என்றால், முடியும். அலன் தானியேலு என்று ஒரு பிரெஞ்சுக்காரர். சென்னை அடையாறு நூலகத்திலும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் பணியாற்றியவர். சிலப்பதிகாரத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். 1955இல் அவர் கொண்டுவந்த இந்தியச் செவ்வியல் இசைத் தட்டுத் தொகுப்பில் பாலசரஸ்வதியும் டி.கே.பட்டம்மாளும் பெயரோடு இருக்கிறார்கள். செவ்வியல் என்றால் பெயர். தோட்டம் என்றால் 'குரல்'. இந்த வித்தியாசத்தை வெள்ளைக்காரர் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. நம்மிடம் கற்றுக்கொண்டுதான் அவரும் செய்கிறார்.

பிரெஞ்சு மரபுக்குள்ளேயே ஒடுக்கிய கேட்டலுக்கு மறுப்பு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஷேஃபரோடு வேலை செய்த லுக் ஃபெராரி, அட்ரியாட்டிக் கடலோரத்தில் ஒரு மீனவ ஊரின் விடியற்காலையைப் பதிவுசெய்து, 1970வாக்கில் ஏறத்தாழ 20 நிமிடப் படைப்பாகத் தந்தார். அதில் படகு படகாகக் கேட்கிறது, மனிதர்கள் மனிதர்களாகக் கேட்கிறார்கள். எங்கள் பட்டறையிலும் அதைப் போட்டுக் காட்டினார்கள். மெர்சிங் படகுத்துறைக்குப் போகலாம் என்று எனக்குத் தோன்றியதே அதைக் கேட்டுத்தான். ஆகவே அவர்களுக்கு வழி தெரியாமல் இல்லை. பாட்டி முன்னால் உட்கார்ந்தபோது எந்த வழி சுலபமோ அதை எடுத்தார்கள். மொழி தெரியாத இடத்தில் 'அர்த்தம் வேண்டாம்' என்பது தத்துவமாக மட்டும் இருப்பதில்லை. கொஞ்சம் சௌகரியமாகவும் இருக்கிறது.

சிலர் சொல்லலாம்: கலைக்குச் சுதந்திரம் உண்டு, எல்லாவற்றையும் அடிக்குறிப்போடு செய்ய முடியாது. சரி. குரலை வெட்டுங்கள், இழுங்கள், திருப்பிப் போடுங்கள். நான் தடுக்கவில்லை. வெட்டுவதற்கு முன்னால் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு வெட்டுங்கள் என்கிறேன். கிராணியின் பெயரைத் தெரிந்தே வெட்டினால் அது ஒரு முடிவு, அதோடு நான் சண்டை போடலாம். தெரியாமல் வெட்டினால் சண்டை போடக்கூட ஆள் இல்லை.

இன்னும் சிலர் சொல்லலாம்: அவர்கள் வராவிட்டால் அந்தப் பாட்டே பதிவாகியிருக்காது, உனக்கே தெரிந்திருக்காது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மை. என் கைபேசியில் அப்போது நாலாயிரம் படங்கள் இருந்தன. பாட்டியின் குரல் ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த முழுப் பதிவு இப்போது வேறு நாட்டில் யாரோ ஒருவரின் ஹார்ட்டிஸ்க்கில் இருக்கிறது. கேட்டு எழுதினேன். அனுப்புகிறேன் என்று அன்பாகப் பதில் வந்தது. அனுப்புவார்கள் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

அடுத்த பட்டறைக்குக் கையைத் தூக்கப்போகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது நாலே விஷயம். ஒன்று, பதிவு முடிந்த அன்றைக்கே ஒரு பிரதி பாடியவர் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டு, மொழிபெயர்க்க வேண்டாம் என்று யார் சொன்னாலும் மொழிபெயருங்கள். கேட்க விரும்பாதவர் வெளியே போய் நிற்கட்டும். மூன்று, பெயர். பாடியவருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், ஆனால் கேட்டுவிட்டு விடுங்கள். நான்கு, பட்டறைக்காகக் காத்திருக்காதீர்கள். பிரெஞ்சுப் பண்பாட்டு அமைப்புகள் நவம்பர் மாதத்தை டிஜிட்டல் பண்பாட்டு மாதமாகக் கொண்டாடுகின்றன. எங்கள் ஊரில் நவம்பர் என்றால் பருவமழை ஆரம்பித்துப் படகுகளைக் கட்டிப்போடுகிற மாதம். அப்போது மெர்சிங்கில் என்ன கேட்கும் என்று பதிவுசெய்ய யாரும் வருவதில்லை. பாட்டியின் பாட்டு நடப்பது அந்த மாதங்களில்தான்.

பட்டறை முடிந்து ஊருக்குப் போனபோது பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாருக்கும் போட்டுக் காமிச்சாங்களா?" காமிச்சாங்க என்றேன். "கேட்டுட்டு அந்தக் கிராணியப் பத்தி என்னா சொன்னாங்க?"

நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க பாட்டி என்றேன்.

பாட்டி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நீயாவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

அவர் மகளின் பெயர் சரசு. எட்டு மாதம். லோரி வரவில்லை.